கூற்றுவன் கூலியாளான கதை: டெரி பிராட்செட்டின் ‘ரீப்பர் மேன்’ புதினத்தில் நகையும் சாவும்

ஆய்வுச் சுருக்கம்

டெரி பிராட்செட்டின் ‘ரீப்பர் மேன்’ (1991) சாவையே கதைத்தலைவனாகக் கொண்ட நகைச்சுவைக் கனவுருப் புதினம். சாவு மனித உணர்வுகளைப் பெற்று மனிதனாகிறது என்பதே இப்புதினம் குறித்த பொதுவான வாசிப்பு. அவ்வாசிப்பு போதாது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. தீர்ந்துபோகும் காலம் ஒன்றைப் பெற்றிருப்பதும், அதிலிருந்து பிறருக்குக் கொடுக்க இயல்வதுமே மனிதநிலை என இப்புதினம் காண்கிறது. அதன் நகைச்சுவையும் அங்கிருந்தே பிறக்கிறது. தமிழ் இலக்கண மரபின் திணைப் பாகுபாடு இந்நூலின் மையச் சிக்கலை விளக்க உதவுவதும், நூலின் இரண்டாம் கதைக்கிளையில் உள்ள குறைபாடும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: டெரி பிராட்செட், ரீப்பர் மேன், கூற்றுவன், திணை, காலம், நகைச்சுவை, கனவுருப் புனைவு.

முன்னுரை

ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட் (1948–2015) 1983 முதல் எழுதிய டிஸ்க்வேர்ல்ட் வரிசையில் 41 புதினங்கள் உள்ளன. ஆமையின் முதுகில் நான்கு யானைகள், அவற்றின் மேல் தட்டையான வட்ட உலகம் என்பது அவ்வரிசையின் களம். இந்தியப் புராணச் சாயல் கொண்ட இந்த அமைப்பைப் பற்றித் தனியே எழுதலாம். இங்கு அது வேண்டுவதில்லை. அவ்வரிசையில் ஏறத்தாழ எல்லாப் புதினங்களிலும் தலைகாட்டும் ஒரே பாத்திரம் சாவு. கறுப்பு அங்கி, எலும்புக்கூட்டு உடல், நீள்பிடி அரிவாள் என ஐரோப்பிய இடைக்கால மரபு தந்த உருவத்தை ஆசிரியர் மாற்றாமல் எடுத்துக்கொள்கிறார். மாற்றுவது அதன் இயல்பை. இந்தச் சாவுக்குப் பூனைகள் பிடிக்கும். அதன் வெள்ளைக் குதிரை எலும்புக்குதிரை அன்று. புல் தின்னும் உயிருள்ள குதிரை. மனிதர் செய்வனவற்றையெல்லாம் அது கவனித்துப் பின்பற்ற முயல்கிறது. எப்போதும் சற்றே பிசகிவிடுகிறது.

1987இல் வெளிவந்த ‘மோர்ட்’ புதினத்தில் சாவு ஒரு சிறுவனைத் தொழில் பழக அமர்த்திக்கொள்கிறது. அங்கு மையம் அச்சிறுவன். ‘ரீப்பர் மேன்’ புதினத்திலோ சாவுக்கே வேலை போய்விடுகிறது. பேரண்டத்தின் ஒழுங்கைக் கண்காணிக்கும் மெய்ம்மைத் தணிக்கையர் என்போர், சாவு தனக்கென ஓர் ஆளுமையை வளர்த்துக்கொண்டது என்று குற்றஞ்சாட்டி அதை ஓய்வுபெறச் செய்கின்றனர். எல்லா உயிர்களுக்கும் இருப்பது போன்ற ஒரு மணற்கடிகாரம் அதற்கும் வந்து சேர்கிறது. மணல் இறங்கத் தொடங்குகிறது. எஞ்சிய நாள்களைக் கழிக்கச் சாவு ஒரு சிற்றூருக்குச் சென்று, மிஸ் ஃபிளிட்வொர்த் என்னும் மணமாகாத முதியவளின் பண்ணையில் பில் டோர் என்ற பெயரில் கூலியாளாக அமர்கிறது.

இக்கதைச் சுருக்கத்திலிருந்து, கல்நெஞ்சம் கரைந்து மனிதனாகும் பழகிய கதை என்று இதனை வகைப்படுத்துவது எளிது. பிராட்செட்டைப் பற்றிய பாராட்டுரைகள் பலவும் அவ்வாறே செய்கின்றன. ஆயின் நூலை ஊன்றிப் படிப்போர்க்கு ஒரு தடை எழும். பில் டோர் மனிதனாகவில்லை. இறுதியில் அவன் தன் பதவிக்கே திரும்புகிறான். மீண்டும் உயிர்களைக் கொண்டுசெல்கிறான். அப்படியானால் இடையில் நிகழ்ந்த மாற்றம் யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

பெயரும் திணையும்

இப்பாத்திரத்தைத் தமிழில் எவ்வாறு அழைப்பது என்பது மொழிபெயர்ப்பாளரின் சிக்கல் மட்டுமன்று. நூலின் மையத்தையே தொடும் சிக்கல். எமன் என்றால் எருமை, பாசக்கயிறு, சித்திரகுப்தனின் கணக்கு, தீர்ப்பு, நரகம் எல்லாம் உடன்வரும். பிராட்செட்டின் சாவு தீர்ப்பு வழங்குவதில்லை. இறந்தவர் எங்குச் செல்வார் என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. அதன் பணி வாசல்வரை உடன்வருவதோடு முடிகிறது. ‘சாவு’ என்றே எழுதினால் அஃறிணை வினைமுடிபு வந்துவிடும். மேலே நூற்பொருளைச் சுருக்கியபோது இக்கட்டுரையும் அவ்வாறே எழுத நேர்ந்தது. உயிரையும் உடலையும் கூறுபடுத்துவோன் என்று பொருள் சொல்லப்படும் ‘கூற்றுவன்’ என்னும் பழஞ்சொல்லே ஓரளவு பொருந்துகிறது. இனி அச்சொல்லே இங்கு ஆளப்படும்.

அஃறிணை முடிபா உயர்திணை முடிபா என்ற இவ்வினாவைத்தான் தணிக்கையரும் எழுப்புகின்றனர். அவர்கள் பார்வையில் சாவு ஒரு நிகழ்வு. புவியீர்ப்பு போன்ற ஒரு விசை. விசைக்கு ‘நான்’ கிடையாது. இவ்வரிசைப் புதினங்களில் தணிக்கையருள் ஒருவர் தவறி ‘நான்’ என்று சொல்லிவிட்டால் அக்கணமே அவர் இல்லாமற்போகிறார். ஆளுமை உடையது எதற்கும் தொடக்கமும் முடிவும் உண்டு, பேரண்டத்தின் முடிவின்மையோடு ஒப்பிட அந்த இடைவெளி ஒன்றுமில்லை என்பது அவர்கள் கணக்கு. நகைப்புக்குரியதாய்த் தோன்றும் இத்தருக்கத்தில் பிழை காண்பது எளிதன்று. கூற்றுவன் ஓர் ஆளாகிவிட்டான்; ஆதலின் அவன் சாக வேண்டும்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் இதனோடு வைத்து எண்ணத்தக்க ஒரு நூற்பா உண்டு. காலம், உலகம், உயிர், உடம்பு, தெய்வம், வினை, பூதம், ஞாயிறு, திங்கள் முதலிய சொற்கள் உயர்திணைப் பொருளைக் குறிப்பினும், பால் பிரிந்து ஒலிக்காமல் அஃறிணை முடிபே கொள்ளும் என்கிறது அது. இப்பட்டியலின் முதற்சொல்லாகிய ‘காலம்’ என்பதற்குச் சேனாவரையர் காலக்கடவுள் என்று பொருள் கொள்கிறார். பொருளால் ஆள், சொல்லால் பொருள் என்னும் இந்த இரட்டை நிலையை இலக்கணம் விதிவிலக்காக ஏற்றுக்கொள்கிறது. பிராட்செட்டின் தணிக்கையர் ஏற்பதில்லை. பால்பகா முடிபுடைய ஒன்று ‘அவன்’ ஆவதை அவர்கள் நிருவாகக் குற்றமாகப் பதிவு செய்கின்றனர். பிராட்செட் தொல்காப்பியத்தை அறிந்திருந்தார் என்பது இங்குக் கருத்தன்று. ஆங்கில வாசகர் மேம்போக்காகக் கடந்துவிடக்கூடிய ஒரு நகைச்சுவையின் அடியில் உள்ள வினாவைத் தமிழ் வாசகர் தம் மொழியின் வினைமுற்றிலேயே சந்திக்கிறார் என்பதே கருத்து.

கூற்றுவனின் பேச்சு அச்சிடப்படும் முறையும் கருதத்தக்கது. அவன் பேசுவன யாவும் மேற்கோள் குறியின்றிச் சிறிய அளவிலான தலைப்பெழுத்துகளில் அச்சாகின்றன. காதில் விழாமல் நேரே உள்ளத்தில் பதியும் குரல் அது என்பது பொருள். உழவர் மதுக்கடையில் வானிலை பற்றிப் பேசும்போதும் அவன் கல்வெட்டு எழுத்தில்தான் பேசுகிறான். உள்ளடக்கத்திற்கும் எழுத்துருவிற்குமான இந்தப் பொருந்தாமையே பக்கத்திற்குப் பக்கம் சிரிப்பை விளைக்கிறது. தலைப்பெழுத்து என்னும் வேறுபாடே இல்லாத தமிழில் இதனைக் கொண்டுவரத் தடித்த எழுத்து உதவாது. அது உரத்துப் பேசுவதாகவே தோன்றும். செய்யுள்நடையை ஒட்டிய பழைய வினைமுற்றுகளைக் கொண்டு அன்றாடச் செய்திகளைப் பேசவைப்பது ஒரு வழி. எழுத்துருவின் வேலையை நடை செய்யும்.

ஒவ்வொரு தாளாக

பண்ணையில் கூற்றுவன் முதன்முதலில் வியப்பை உண்டாக்குவது அறுவடையில். மிக விரைவாக அறுக்கிறான்; ஆனால் ஒரு வீச்சுக்கு ஒரு புல் வீதம் அறுக்கிறான். மிஸ் ஃபிளிட்வொர்த் இதைக் கண்டு திகைக்கிறாள். நீள்பிடி அரிவாள் நின்ற நிலையில் அகல வீசிப் பரப்பாக வெட்டுவதற்கென அமைந்த கருவி; அதைக்கொண்டு ஒற்றைத் தாளை வெட்டுவது அக்கருவியின் நோக்கத்தையே பொய்யாக்குவது. தமிழ்நாட்டு வயலில் குனிந்து, தாளைக் கையால் பற்றி, அரி அரியாக அறுப்பதைக் கண்டு வளர்ந்தவர்க்கு இக்காட்சியின் வேடிக்கை சற்றுக் குறையலாம். பற்றாமல் அறுக்க இயலாத கருவி நம்முடையது. ஆயினும் ஒரு பிடிக்கும் ஒரு தாளுக்கும் இடையே தொலைவு பெரிதே.

இந்த ஒற்றைத் தாள் நகைச்சுவைத் துணுக்காக நுழைந்து நூலின் அச்சாணியாகிறது. ஆசிரியர் இதை ஓரிடத்திலும் விளக்கி எழுதுவதில்லை; அடுத்தடுத்து நிகழ்வன அதற்குப் பொருள் கூட்டுகின்றன. அவ்வூர்க் கொல்லன் நெட் சிம்னல் ஓர் அறுவடைப் பொறியை உருவாக்குகிறான். பொறிக்குத் தாள் தெரியாது, வயல்தான் தெரியும். கூற்றுவனின் இடத்திற்குத் தணிக்கையரின் உலகம் அனுப்பும் புதிய சாவும் அவ்வாறே: முகம் இல்லை, தலையில் முடி உண்டு. பழைய கூற்றுவனைச் சினங்கொள்ள வைப்பது அந்த முடிதான். அவன் ஒருபோதும் முடி சூடியதில்லை. ஆள வந்தவன் அல்லன், ஏவற்பணி செய்ய வந்தவன். பொறியையும் முடியையும் ஆசிரியர் ஒரே நேர்கோட்டில் வைப்பது இயந்திர எதிர்ப்புப் போலத் தோன்றினாலும் அதுவன்று. சிம்னல் கேலிக்குரியவனாகக் காட்டப்படுவதில்லை. தன் பொறிமேல் மெய்யான காதல் கொண்டவன் அவன். எதிர்க்கப்படுவது மொத்தமாக எண்ணும் பார்வை.

கூலி வாழ்வின் சிறு நிகழ்வுகள் இந்நூலின் மிகச் சிறந்த பகுதி என்பது என் கருத்து. கூவத் தெரியாத சேவல் ஒன்று பண்ணையில் உண்டு; அதற்குக் கூவலின் எழுத்துகள் ஒழுங்காக நினைவில் நிற்பதில்லை. கூற்றுவன் அதற்காகப் பலகையில் எழுதிக் காட்டுகிறான். மதுக்கடை விளையாட்டுகளில் தோற்றுத் தோற்று ஊராரின் நட்பைச் சம்பாதிக்கிறான். வெல்பவனை யாரும் விரும்புவதில்லை என்பதை அவன் கண்டுகொள்ளும் விதம் நுட்பமானது. முதன்முதலாக உறக்கம் வரும்போது அஞ்சுகிறான். நாள்தோறும் இப்படி இல்லாமற்போய்த் திரும்புவதை மனிதர் எவ்வாறு பொறுத்துக்கொள்கின்றனர் என்பது அவனுக்கு விளங்கவில்லை. பெரியோர் அவனைச் சற்று மெலிந்த வேலையாளாகவே காண்கின்றனர். சால் லிஃப்டன் என்னும் சிறுமி மட்டும் எலும்புக்கூடு என்று கண்டு, அச்சொல்லைத் தவறாக உச்சரித்துச் சொல்லியும் விடுகிறாள்.

மண்ணுக்கு வரும் தெய்வம் பற்றிய நகைச்சுவை தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் சென்னைக்கு வரும் கடவுள் சித்த வைத்தியப் பத்திரிகை ஒன்றின் ஆயுள் சந்தாதாரர் ஆகிறார். ஆயுளே இல்லாதவர்க்கு ஆயுள் சந்தா என்பதில் உள்ள எள்ளல் பிராட்செட்டின் மணற்கடிகாரத்திற்கு நேர் எதிர்ப்புறத்தில் நிற்கிறது. புதுமைப்பித்தனின் கடவுள் நகரத்தில் எதையும் இழப்பதில்லை, எதையும் கற்பதுமில்லை, மனிதரோடு ஒட்டமுடியாமல் திரும்புகிறார். நகை அந்த ஒட்டாமையின்மேல் நிற்கிறது. பில் டோர் ஒட்டிக்கொள்கிறான். காரணம் அவன் நல்லவன் என்பதன்று. அவனுக்கு வார இறுதியில் கூலி தரப்படுகிறது என்பது. கூலி என்பது விற்ற காலத்தின் விலை. காலம் தீராதவனிடம் அதை யாரும் விலைக்கு வாங்க முடியாது.

ஓய்வுபெற்ற நாளில் கூற்றுவன் தனக்குக் கிடைத்த காலத்தைச் செலவிடப்போவதாகச் சொல்வதும் இவ்வகையில் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் தேய்ந்துபோன அவ்வழக்கு, அதை மெய்யாகவே முதன்முறை சொல்லக்கூடியவன் வாயில் புதிதாகிறது. தமிழில் காலத்தைக் கழிக்கிறோம். கணக்கில் கழித்தலும் அதே சொல். அந்தக் கழித்தலில் கூற்றுவன் இதுகாறும் ஈடுபட்டதில்லை. பிறர் மணல் இறங்குவதைப் பார்த்தவன் தன் மணல் இறங்குவதைப் பார்க்கிறான்.

கொடுத்தல்

விடுதி தீப்பற்றி எரிகிறது. சால் உள்ளே இருக்கிறாள். பில் டோரின் முதல் மறுமொழி மறுப்பு. விதிக்கப்பட்டதை மாற்றுவது கூடாது என்பது அவன் தொழிலின் அறம். அதை அவன் கோழைத்தனத்தால் சொல்லவில்லை. மிஸ் ஃபிளிட்வொர்த்தின் சினம் அந்த அறத்தைத் தருக்கத்தால் வெல்வதில்லை. அவளிடம் வாதம் ஏதும் இல்லை. உள்ளே ஒரு குழந்தை இருக்கிறது என்பது மட்டுமே இருக்கிறது. அவன் தீக்குள் போகிறான். வெளியே கொண்டுவந்தபின்னும் சிறுமியின் காலம் முடிந்ததாகவே இருக்கிறது. தன் காலத்தில் ஒரு பங்கை அவளுக்கு அவன் தருகிறான்.

நூலின் மாற்றம் நிகழும் இடம் இதுவே. இதனை உணர்வின் மாற்றமாக மட்டும் வாசிப்பது பொருந்தாது. கூற்றுவனுக்கு இரக்கம் முன்பே உண்டு. ‘மோர்ட்’ புதினத்திலேயே பெற்றோரை இழந்த பெண்குழந்தை ஒன்றை அவன் வளர்ப்பு மகளாக்கிக்கொண்டதை அறிகிறோம். இரக்கம் இருந்தும் அப்போது அவனால் ஒன்றும் கொடுத்திருக்க முடியாது. குறையாத ஒன்றிலிருந்து எடுத்துத் தருவது கொடை ஆகாது. கடல் ஒரு குடம் நீரைத் தந்தது என்று நாம் சொல்வதில்லை. தன் மணல் தீர்ந்துகொண்டிருக்கும் நாள்களில், அதில் ஒரு பங்கு போனால் தனக்கு அவ்வளவு குறையும் என்று அறிந்து கொடுக்கும்போதுதான் அவன் மனிதர் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றைச் செய்கிறான். இறப்பதற்கு இயலும் நிலை இங்குத் தண்டனையாக இராமல் ஆற்றலாகிறது. தணிக்கையர் எதிர்பாராத விளைவு அது.

கொடை ஒருவழிப்பாதையாக நிற்பதில்லை. புதிய சாவு வந்து கூற்றுவனின் காலம் முடியும் தறுவாயில், மிஸ் ஃபிளிட்வொர்த் தன் காலத்திலிருந்து அவனுக்குத் தருகிறாள். முதியவள், தன்னிடம் எவ்வளவு எஞ்சியுள்ளது என்றும் அறியாதவள். அந்தச் சிறு இடைவெளியில் எழுந்து கூற்றுவன் புதிய சாவை வெல்கிறான். சாவு ஒரு கிழவியிடம் பட்ட கடனால் உயிர்பிழைக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொன்னால் சிரிப்பாக இருக்கும். கதையோட்டத்தில் அது சிரிப்பாக இல்லை. அவ்விடத்தில் ஆசிரியர் வேடிக்கை எதுவும் சேர்க்கவில்லை.

சாவுகளுக்கெல்லாம் மேலான அஸ்ரயேலிடம் கூற்றுவன் பின்னர் முறையிடும் காட்சியை இக்கருத்துக்கு எதிராக ஒருவர் காட்டக்கூடும். அஸ்ரயேல் பேரண்டங்களின் முடிவு. அவனிடம் கூற்றுவன் காலம் கேட்கிறான், பெறுகிறான். தீராதவனும் கொடுக்கிறானே என்னும் தடை எழலாம். ஆயின் அஸ்ரயேலின் முன்னுள்ள கடிகாரத்தின் முள் ஒரே ஒருமுறைதான் சுற்றிவரும் என்று ஆசிரியர் அமைத்திருப்பது கருதத்தக்கது. அவனுக்கும் முடிவு உண்டு. அவன் ஒப்புதலாகச் சொல்லும் ஒற்றைச் சொல் பக்கத்தை நிரப்பும் பேரெழுத்தில் அச்சிடப்பட்டுள்ளது. நூல்முழுதும் எழுத்தின் அளவை நகைக்காகப் பயன்படுத்தியவர், அதே உத்தியை இங்கு அச்சத்திற்குப் பயன்படுத்துகிறார்.

கூற்றுவனின் முறையீடு தன்னைக் காக்கும் வாதமன்று. அறுப்பவனின் பரிவைத் தவிர விளைச்சலுக்கு வேறு நம்பிக்கை ஏது என்னும் பொருள்பட அவன் கேட்கிறான். இவ்விடம் பலராலும் எடுத்தாளப்படுவது. தனித்து எடுத்தாளும்போது ஆறுதல் மொழியாகச் சுருங்கிவிடுவது. முன்னே ஒவ்வொரு தாளாக அறுத்த கை இதைச் சொல்கிறது என்பதை மறந்தால், பரிவு என்பது வெறும் கனிவு ஆகிவிடும். இங்கோ அது ஒரு தொழில்முறை: ஒவ்வொன்றையும் அதுவாகவே கண்டு அறுப்பது. அறுக்காமல் விடுவது அன்று.

தேங்கிய உயிர்

கூற்றுவன் பணியில் இல்லாதபோது உலகில் என்ன நேர்கிறது என்பதை இரண்டாம் கதைக்கிளை சொல்கிறது. அன்க்-மார்போர்க் நகரின் மாயவித்தைப் பல்கலைக்கழகத்தில் விண்டில் பூன்ஸ் என்னும் 130 வயது முதியவர் இறக்கிறார். அழைத்துச்செல்ல எவரும் வராமையால் தம் உடலுக்கே திரும்புகிறார். உடன்பணியாற்றியோர் அவரை அடக்கம் செய்யப் படும் பாடும், அவர் அவர்களோடு ஒத்துழைப்பதும் நல்ல நகைச்சுவை. உயிரோடிருந்தவரை செவியும் கண்ணும் மந்தமாகிச் சக்கர நாற்காலியில் ஒதுங்கிக்கிடந்தவர், பிணமான சில நாள்களில் பிறர்க்கு வேண்டியவராகிறார். பிணங்களின் உரிமைக்குப் போராடும் ரெக் ஷூ, கதவுக்குப் பின்னால் ஒளியாமல் வெளியில் வர அஞ்சும் பூச்சாண்டி ஷ்லெப்பல் முதலியோர் நட்பாகின்றனர்.

திருக்கடவூர்த் தலபுராணத்தை அறிந்தோர்க்கு இவ்வமைப்பு பழகியதே. மார்க்கண்டேயன்பொருட்டுக் காலனைச் சிவன் உதைத்து வீழ்த்தியபின் உலகில் சாவு நின்றுவிட, பாரம் தாங்காத நிலமகள் முறையிட, காலன் மீண்டும் எழுப்பப்படுகிறான். தெய்வம் தன் அடியவனைக் காத்த வெற்றியின் மறுபுறம் அது. நம் மரபு வெற்றியைச் சிற்பமாக வடித்தது, மறுபுறத்தைச் சுருக்கமாகவே சொல்லிச் சென்றது. பிராட்செட் மறுபுறத்தையே நூலின் பாதியாக விரிக்கிறார். ஆயின் அவர் காண்பது பாரம் அன்று, தேக்கம். வெளியேறாத உயிராற்றல் பொருள்களில் புகுகிறது. கண்ணாடி உருண்டைகளாக முளைத்து, கம்பித் தள்ளுவண்டிகளாக உருமாறி, இறுதியில் நகரத்தை உறிஞ்சும் ஒரு பேரங்காடியாக வளர்கிறது.

கருத்தளவில் இது சிறந்த தொடர்பு. சாவற்ற உயிர் வாழ்வாகாமல் நுகர்வாகிவிடுகிறது என்பதை ஒரு படிமத்தால் சொல்லிவிட்டார். ஆக்கத்தில் அது வெற்றி பெறவில்லை. தள்ளுவண்டிகளோடு மாயவித்தகர்கள் நடத்தும் போர் திரைப்படப் பகடியாக நீள்கிறது. ஒரே வேடிக்கை பலமுறை வருகிறது. பண்ணைக் காட்சிகளிலிருந்து அங்குத் தாவும்போதெல்லாம் வாசகர் எப்போது மீண்டும் வயலுக்குத் திரும்புவோம் என்று காத்திருக்க நேர்கிறது. தணிக்கையரின் வாதத்திற்கும் பேரங்காடிக்கும் இடையே கதைவழிக் காரணத்தொடர்பு மெல்லியது. ‘மோர்ட்’ இதனினும் கட்டுக்கோப்பானது. 1996இல் வந்த ‘ஹாக்ஃபாதர்’ இரு கிளைகளை ஒருங்கிணைப்பதில் இதனினும் தேர்ந்தது. எனினும் அவ்விரண்டிலும் இப்பண்ணையின் ஆழம் இல்லை. உயிர்களுக்கெல்லாம் தனித்தனிச் சாவுகள் தோன்றி, கூற்றுவன் திரும்பியதும் அவனுள் அடங்க, எலிகளின் சாவை மட்டும் அவன் தனித்தே இருக்கவிடுகிறான் என்னும் சிறு நிகழ்ச்சி, பேரங்காடிப் பகுதி முழுவதையும்விட இந்நூலின் பொருளுக்கு நெருக்கமானது. தனிமை என்ன என்பதை அவன் அறிந்துகொண்டான் என்பதற்கு அங்கி அணிந்த அந்த எலும்பெலியே சான்று.

பிற்காலம் கொண்டு முற்கால நூலை வாசித்தல்

2007 டிசம்பரில் பிராட்செட் தமக்கு அல்சைமர் நோயின் அரிய வகை ஒன்று இருப்பதை அறிவித்தார். 2010இல் பிபிசியின் ரிச்சர்ட் டிம்பிள்பி நினைவுச் சொற்பொழிவில், தம் இறப்பின் நேரத்தைத் தாமே முடிவுசெய்யும் உரிமை நோயாளிக்கு வேண்டும் என்று வாதிட்டார். நோயின் காரணமாக அவ்வுரையின் பெரும்பகுதியை நடிகர் டோனி ராபின்சன் வாசித்தார். இவற்றுக்குப் பின் ‘ரீப்பர் மேன்’ நூலைத் தீர்க்கதரிசனமாக வாசிக்கும் போக்கு வலுத்தது. ஒருவர் எழுப்பிய அலைகள் உலகில் அடங்கும்வரை அவர் முற்றும் இறப்பதில்லை என்னும் பொருளில் இந்நூலில் வரும் கருத்து இரங்கலுரைகளில் நிலையான இடம் பெற்றுவிட்டது.

இவ்வாசிப்பு காலமுறைக்கு மாறானது. நூலின் கருத்துக்கும் மாறானது. 1991இல் ஆசிரியருக்கு வயது 43. சொற்பொழிவு கோருவது மனிதன் தன் சாவின்மேல் கொள்ளும் அதிகாரம். புதினத்திலோ எவரும் தம் நேரத்தைத் தாமே முடிவுசெய்வதில்லை; காலத்தைக் கொடுப்போர் உண்டு, காலத்தை ஆள்வோர் இல்லர். இரண்டையும் ஒன்றாக்காமல் ஒருவரிடமே இரு வேறு காலங்களில் எழுந்த இரு வேறு விடைகளாகக் கொள்வதே முறை. நோயாளியின் வலி என்பது இப்புதினத்தில் எங்கும் இடம்பெறவில்லை என்பதையும் சுட்டவேண்டும். பரிவுள்ள கூற்றுவன் வாசலில்தான் நிற்கிறான். அவ்வாசலுக்கு முன்னுள்ள நீண்ட வழியைப் பற்றி நூல் பேசவில்லை. சொற்பொழிவு பேசியது அவ்வழியைப் பற்றி. இக்குறையை நகைச்சுவை நாவலிடம் எதிர்பார்க்கலாகாது என்று தள்ளிவிட முடியாது. தீயில் அகப்பட்ட சிறுமியைக் காட்டத் துணிந்த நூல் அது.

ஆட்டம்

பதவியைத் திரும்பப் பெற்ற கூற்றுவன் மிஸ் ஃபிளிட்வொர்த்தைக் காண மலர், இனிப்பு, வைரம் ஆகியவற்றோடு வருகிறான். காதலர் கொண்டுவரவேண்டியவை எவை என்று கேட்டறிந்து பட்டியலிட்டு வந்தவனின் முறையான பிழை அதில் தெரிகிறது. அறுவடை விழா ஆட்டத்திற்கு அவளை அழைத்துச் செல்கிறான். ஊரே ஆடுகிறது. ஆட்டத்தின் ஊடேதான் தன் மணல் முன்பே தீர்ந்துவிட்டதை அவள் அறிகிறாள். அவன் அதை மறைத்தானா, கொடுத்தானா என்று ஆசிரியர் சொல்வதில்லை. அவள் அவனுக்குக் கொடுத்த காலத்தின் கணக்கு இங்குத் தீர்க்கப்படுகிறது என்று கொள்ள இடமுண்டு. கடனைத் திருப்பித் தரும்போதும் அவன் அவளைச் சாகாமல் விடவில்லை என்பதை நோக்கவேண்டும். ஆடி முடிக்கவிட்டான்.

பின்னர் அவளை எங்குக் கொண்டுசெல்கிறான் என்பதில்தான் ஆசிரியரின் கணிப்பு முழுமையாக வெளிப்படுகிறது. பல்லாண்டுகளுக்குமுன் திருமணத்திற்கு முந்தைய நாளில் அவள் மணமகன் ரூஃபஸ் வராமற்போனான். ஓடிப்போய்விட்டான் என்றது ஊர். அவளும் அதை மறுத்துப் பேசியதில்லை. மணஉடைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். மலைப்பனியின் சரிவில் அவன் புதைந்துபோன இடத்திற்கு, அந்த நாளுக்கே, கூற்றுவன் அவளைக் கொண்டுசெல்கிறான். அவன் அவளை விட்டுச் செல்லவில்லை, அவளிடம் வந்துகொண்டிருந்தான் என்பதை அவள் அறியும் இடம் அது. இச்செய்தி கூற்றுவனுக்கு முன்பே தெரிந்திருக்கும். ஒவ்வொரு தாளையும் தனித்தனியே அறுத்தவன் அவன். ஊரில் வேறு எவருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.